லண்டி கானாவுக்கு வழி

1980-ல் பஞ்சாபில் ஒரு விமானப் படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பாராஷூட் மடிக்கும் கூடத்தில் எங்கள் வாரண்ட் ஆபீசர் ஒரு ஜி-சூட்டை என் கையில் கொடுத்து, "தம்பி, இதுல தண்ணி நிக்குமா?" என்று கேட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் அவர். மேலதிகாரிகளிடம் இந்தியும் ஆங்கிலமும் பேசுவார், என்னிடம் மட்டும் ஊர்த் தமிழ்தான். பயிற்சியில் படித்த எந்தப் பாடத்திலும் அந்தக் கேள்வி வரவில்லை. விழித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பிரிவுக்கு சேஃப்டி எக்விப்மென்ட் என்று பெயர். பாராஷூட், ஆக்சிஜன் மாஸ்க், லைஃப் ஜாக்கெட், இருக்கைக்கு அடியில் போகும் உயிர்காப்புப் பை, ஜி-சூட் எல்லாம் எங்கள் கையில்தான். ஜி-சூட் என்பது விமானி காலில் மாட்டிக்கொள்ளும் இறுக்கமான உடுப்பு. வயிறு, தொடை, ஆடுதசை என்று வருகிற இடங்களில் உள்ளே ரப்பர் பைகள் இருக்கும். விமானம் சட்டென்று திரும்பும்போது உடம்பிலுள்ள ரத்தமெல்லாம் கீழே இறங்கப் பார்க்கும், கண் இருட்டிக்கொண்டு வரும். அந்த நொடியில் ரப்பர் பைகளில் காற்று நிறைந்து காலையும் வயிற்றையும் அழுத்திப் பிடிக்கும். அந்தப் பைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. காற்றடித்து, காதைக் கிட்டே வைத்துக் கேட்டு, தையல் ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்போம்.

"காத்து நிக்கும்னா தண்ணியும் நிக்கும்லா," என்றார் அவர். "இதுல தண்ணி எடுத்துக்கிட்டு மூணு பேரு பாகிஸ்தான் ஜெயில்லேர்ந்து வெளியே போனாவ. தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் டீ நேரத்தில்தான் விமானி திலீப் பாருல்கர் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். அதன்பின் வேலையில் இருந்த காலமெல்லாம் பலர் வாயால் கேட்டேன், கிடைத்ததையெல்லாம் படித்தேன், பையன்களுக்கும் பெண்களுக்கும் சொல்லியும் வருகிறேன். 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அவர் காலமான செய்தி வந்தபோது, இதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சில பழக்கங்கள் என்னை நாற்பது வருஷமாகக் காப்பாற்றி வருகின்றன.

பாருல்கர் சாதாரண ஆள் இல்லை. 1965 போரில் ஹண்டர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தபோது தரையிலிருந்து சுட்ட குண்டு அவர் தோளைத் துளைத்தது. அந்த நிலையிலும் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்து இறக்கினார். 1971-ல் சுகோய்-7 படைப்பிரிவில் இருந்தார். இன்றைக்குத் தஞ்சாவூர்த் தளத்தில் நிற்கிற சுகோய்-30 வேறு, இந்தச் சுகோய் வேறு. ஆனால் தஞ்சையில் இருக்கும் 222-ஆம் ஸ்க்வாட்ரன் தொடக்கத்தில் பறந்தது இந்தப் பழைய சுகோய்-7-லேயேதான். ஒற்றை இஞ்சின், எரிபொருளை ஏராளமாகக் குடிக்கும், ஆனால் அடி தாங்கும். போருக்கு முன்பே அவர் தன் கமாண்டரிடம் ஒன்று சொல்லி வைத்திருந்தாராம்: பிடிபட்டால் உள்ளே உட்கார்ந்திருக்க மாட்டேன், தப்பித்து வருவேன். 1971 டிசம்பர் 10-ஆம் தேதி அவர் விமானம் சுடப்பட்டது. பாராஷூட்டில் குதித்தார், பிடிபட்டார்.

போர் 16-ஆம் தேதியே முடிந்துவிட்டது. கைதிகள் திரும்பவில்லை. கிழக்கில் சரணடைந்த சுமார் 93,000 பாகிஸ்தானியர் இந்தியாவின் கையில் இருந்தார்கள். பாருல்கரும் பிடிபட்ட மற்ற இந்திய விமானிகள் சில பேரும் ராவல்பிண்டி முகாமில். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் எப்போது வீடு திரும்புவோம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்த எட்டு மாதத்தில் அவர்கள் செய்த தயாரிப்பைத்தான் எங்கள் வாரண்ட் ஆபீசர் ரொம்ப ரசித்துச் சொல்வார். எங்கள் தொழில் புத்திக்கு அது நேராகப் போய்ச் சேர்ந்தது. முதலில் பணம். 1949 ஜெனிவா ஒப்பந்தத்தின் 60-ஆவது பிரிவுப்படி, போர்க்கைதியைப் பிடித்து வைத்திருக்கிற நாடு மாதாமாதம் அவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். மேஜருக்குக் கீழுள்ள அதிகாரிக்கு 50 சுவிஸ் ஃபிராங்க் மதிப்பு. பாகிஸ்தான் அதை அவர்கள் ரூபாயில் கொடுத்தது. அதைச் செலவழிக்காமல் சேர்த்தார்கள். பதான்கள் உடுத்துகிற சல்வார் கமீஸ் தயார் செய்தார்கள். செஞ்சிலுவைப் பொட்டலங்களில் வந்த கெட்டுப்போகாத தின்பண்டங்களை ஒதுக்கி வைத்தார்கள். ஒரு பள்ளிக்கூட அட்லஸிலிருந்து வரைபடம் எடுத்தார்கள். ஜி-சூட் தண்ணீர்ப் பை ஆனது.

திசைகாட்டி செய்தவர் காமத். அவரும் விமானி. குதித்தபோது கால் முறிந்து மாவுக்கட்டில் கிடந்தவர். அவரால் இவர்களோடு ஓட முடியாது, அது அவருக்கே தெரியும். காந்தமேற்றிய ஊசி, சட்டையில் தைக்கிற பிரஸ் பட்டன், ஒரு ஃபவுண்டன் பேனா, இவ்வளவுதான் மூலப்பொருள். தான் போகாத பயணத்துக்கு அவர் உட்கார்ந்து திசைகாட்டி செய்துகொடுத்தார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தத் திசைகாட்டி மாதிரி ஒன்றை நானே பலமுறை செய்திருக்கிறேன், பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுக்கிறேன். செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஊசியைக் காந்தத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்தால் பலன் இல்லை. காந்தத்தின் ஒரே முனையால், ஒரே திசையில், ஊசியின் காதிலிருந்து நுனி வரை தேய்த்து, கையைத் தூக்கி, திரும்பவும் காதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாற்பது ஐம்பது தடவை. பிறகு நூலில் கட்டித் தொங்கவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும், நடக்கும்போது பார்க்க முடியாது. பிரஸ் பட்டனின் குழிவான பாதி ஒரு கூர்முனை மேல் உட்கார்ந்து லேசாகச் சுழலும். அதன்மேல் ஊசியை ஒட்டினால் சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும். எந்த முனை வடக்கு என்பதைக் காலை வெயிலை வைத்து ஒருமுறை உறுதி செய்து, அந்த முனையில் மை தொட்டு வையுங்கள். இரும்புக் கட்டில், சாவிக்கொத்து, இந்தக் காலத்தில் செல்போன், எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஊசி அப்படியே இழுபட்டு நிற்கும், நீங்கள் அதை நம்பி நடப்பீர்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். இந்தியா கிழக்கே இருக்கிறது. ஆனால் கிழக்கே போகிற வழியில் எல்லைக்கோடு முழுக்கக் கண்ணிவெடி, இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு ராணுவம். அதனால் மேற்கே போக முடிவு செய்தார்கள். பஸ் பிடித்துப் பெஷாவர், அங்கிருந்து கைபர் கணவாய், எல்லை தாண்டினால் ஆப்கானிஸ்தான். வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தால்தான் வீடு வந்து சேரலாம் என்று கணக்குப் போட்ட தெளிவு அது.

பாருல்கர், கரேவால், ஹரீஷ் சின்ஹ்ஜி என்று மூன்று பேர். அறைச் சுவரைத் திருப்புளி, முள்கரண்டி, கத்தரிக்கோல் வைத்து இரவு இரவாகக் குடைந்தார்கள். கட்டிலுக்கு அடியில் செஞ்சிலுவை அட்டைப் பெட்டிகளில் காரையும் செங்கல் துண்டும் போய்ச் சேர்ந்தன. மற்றவர்கள் காவல் பார்த்தார்கள், சத்தம் வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டார்கள். காலையில் மூன்று பேரைக் காணோம் என்று தெரிந்தால் அடி யாருக்கு விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். இருந்தும் செய்தார்கள். ஆகஸ்ட் 12 நள்ளிரவு தாண்டி, 13-ஆம் தேதி பிறந்த நேரத்தில், காற்றும் மழையுமாக அடித்துக்கொண்டிருந்தபோது வெளிப்பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஊரின் பெரிய சாலையில் சினிமா விட்டு வருகிற கூட்டம். அதோடு கலந்து நடந்தார்கள். ஒருவர் விடுதலை என்று மெல்லச் சொல்ல, இன்னொருவர் இன்னும் இல்லை என்றாராம்.

இன்னும் இல்லை என்று சொன்னவர் யாராக இருந்தாலும், அந்த வார்த்தைதான் மறுநாள் காலையில் பலித்தது.

பஸ்ஸில் பெஷாவர் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து டாங்கா எனும் குதிரை வண்டி, கொஞ்சம் நடை, ஜம்ரூத் தாண்டி இன்னொரு பஸ். காலை ஒன்பதரை வாக்கில் லண்டி கோத்தல். எல்லையான தோர்கம் அங்கிருந்து 8 கிலோமீட்டர்தான். சிறையிலிருந்து வெளியே வந்து பத்து மணி நேரம்கூட ஆகவில்லை. யாரும் தேடி வரவில்லை, யாரும் நிறுத்தவில்லை. கடைத்தெருவில் எல்லார் தலையிலும் தொப்பி இருந்ததைக் கவனித்துத் தாங்களும் தொப்பி வாங்கினார்கள். கண் அவ்வளவு கூர்மையாக வேலை செய்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு டீக்கடையில் வழி கேட்டார்கள். லண்டி கானாவுக்கு எப்படிப் போவது?

அட்லஸில் ரயில் பாதை லண்டி கானாவில் போய் முடிந்தது. எல்லைக்கு முந்தைய கடைசி ஸ்டேஷன். அதைப் பிடித்தால் எல்லை கைக்கெட்டும் தூரம். கைபர் ரயில் பாதை வெள்ளைக்காரன் கட்டியது, 34 சுரங்கம், 92 பாலமும் மதகும். 1925 நவம்பரில் லண்டி கோத்தல் வரைக்கும், 1926 ஏப்ரலில் லண்டி கானா வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் 1932 டிசம்பர் 15-ஆம் தேதி கடைசித் துண்டை மூடிவிட்டார்கள். பாருல்கர் பிறந்ததே 1942-ல். அவர் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பே மூடிய ஸ்டேஷனுக்கு 1972-ல் மூன்று பேர் வழி கேட்கிறார்கள்.

அங்கே நின்றிருந்த தாசில்தார் அலுவலக எழுத்தர் ஒருவர் காதில் அது விழுந்தது. வெள்ளைக்காரனோடு போன பெயர் இவர்கள் வாயில் எப்படி வந்தது? அந்தச் சமயத்தில் பாகிஸ்தானில் மாட்டிக்கொண்ட வங்காளிகள் பலர் அந்த வழியாகத்தான் ஆப்கானிஸ்தானுக்குத் தப்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர்களும் வங்காளிகள்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. தாங்கள் பாகிஸ்தான் விமானப் படை ஆட்கள், லாகூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் என்று இவர்கள் சொன்னது அங்கே எடுபடவில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1986 செப்டம்பரில் நானும் இரண்டு சக ஏர்மேன்களும் லீவு போட்டு ஹிமாசலத்தில் நடைப்பயணம் போனோம். எங்களிடம் இருந்தது ஒரு மைலை ஒரு அங்குலமாக வரைந்த பழைய வரைபடம், அளவை எடுத்தது சுதந்திரத்துக்கு முன்னால். காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. ஆற்றின் குறுக்கே பாலம் என்று தெளிவாகக் குறித்திருந்தது. அந்தப் பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் ஊர். அன்றிரவு அங்கே தங்குவதாகத் திட்டம். அதனால் கனமான போர்வைகளைக் கீழே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

இருட்டுகிற நேரத்துக்கு ஆற்றங்கரைக்குப் போனோம். இந்தக் கரையில் கல் தூண் ஒன்று, அந்தக் கரையில் கல் தூண் ஒன்று. நடுவில் தண்ணீர் பனி உருகிய வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கத் தூணின்மேல் புல் முளைத்து, அந்தப் புல்லும் காய்ந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் நான் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. புல் முளைக்க எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசித்தேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் பாறை மறைவில் தீ மூட்டி உட்கார்ந்திருந்தார். பாலம் அவர் அப்பா காலத்தில் வெள்ளத்தில் போனதாம். அன்றிரவு அவருடைய கம்பளியிலும் நெருப்பிலும்தான் மூன்று பேரும் பிழைத்தோம். எங்களில் ஒருவனுக்கு நடு ராத்திரியில் உடம்பு நடுங்க ஆரம்பித்து, வாய் குளறிப் பேசினான். அவனை நடுவில் போட்டு இரண்டு பேரும் ஒட்டிப் படுத்துக்கொண்டோம். விடிகிற வரை அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

காலையில் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. முந்தின நாள் மதியம் கீழே உள்ள ஊரில் டீ குடித்தோம். கடைக்காரரிடம் மழை வருமா என்று கேட்டோம், முட்டை என்ன விலை என்று கேட்டோம். பாலம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. வரைபடத்திலேயே இருப்பதை ஏன் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாருல்கர் கதையை ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். லண்டி கானா என்ற பெயர் எனக்கு மனப்பாடம்.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. அவர்கள் கேட்காமல் போனது கவனக் குறைவால் இல்லை. சிறைக்குள் இருந்துகொண்டு கைபர் ஸ்டேஷனைப் பற்றி யாரிடம் கேட்பார்கள்? வாயைத் திறந்தாலே திட்டம் வெளியே போய்விடும். கிடைத்த ஒரே அட்லஸை நம்புவதைத் தவிர வழி இல்லை. நாங்கள் மூன்று பேரும் சுதந்திரமாக, கையில் டீ கிளாஸோடு, எல்லாம் தெரிந்த ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்திருந்தோம்.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். எங்கே போனாலும் பயணத்தின் கடைசித் துண்டை முதலில் விசாரிப்பேன். சென்னையிலிருந்து டெல்லி போவதில் ஒரு சிக்கலும் இல்லை, ரயில் ஓடுகிறது. டெல்லியில் இறங்கிக் கடைசி ஐந்து கிலோமீட்டர், அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு, அங்கேதான் சிக்கல். அதுபோல, இது அந்த ஊருக்குப் போகிற வழியா என்று யாரையும் கேட்பதில்லை. நம் ஊரிலும் சரி, வடக்கிலும் சரி, மரியாதைக்காகவே ஆமாம் என்று தலையாட்டி விடுவார்கள். கடைசியாக அங்கே யார் போனார், எப்போது போனார், எதில் போனார் என்று கேட்பேன். போன வாரம் என் மச்சான் பைக்கில் போனான் என்று பதில் வந்தால் அந்த வழி உயிரோடு இருக்கிறது. யாரும் போய்ப் பார்த்ததாகச் சொல்லவில்லை என்றால் அதை நம்பிக் கிளம்புவதில்லை. இன்னொன்று, ஊர்க்காரர்கள் அந்த இடத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு அந்தப் பெயரையே சொல்வேன். செல்போன் வரைபடத்தில் வருகிற பெயரை அந்தத் தெருவில் இருப்பவர்களே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் இப்போது இது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. மகள் வேலைக்கான தேர்வு எழுத வெளியூர் கிளம்பும்போது, "அப்பா, லண்டி கானா பாத்தாச்சு, சென்டர்ல போன் பண்ணிப் பேசிட்டேன்," என்பாள்.

லண்டி கோத்தலில் நடந்த மீதியைச் சொல்லாவிட்டால் கதை அரைகுறையாக நின்றுவிடும். அது பழங்குடிப் பகுதி. சந்தேகப்பட்டவர்களை விசாரித்துக்கொண்டிருக்கிற இடம் இல்லை. ஒற்றர்கள் என்று நினைத்தால் சுட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள், கேட்க ஆள் இல்லை. அந்தப் பகுதியை அரசின் சார்பில் நிர்வகித்த பொலிடிகல் ஏஜென்ட் முன்னால் கொண்டு நிறுத்தினார்கள். அங்கேதான் பாருல்கர் புத்தி வேலை செய்தது. பாகிஸ்தான் விமானப் படைத் தளபதியின் ஏ.டி.சி.யிடம், அதாவது அவருடைய உதவி அதிகாரியிடம், பேச வேண்டும் என்றார். அந்த ஏ.டி.சி.யின் பெயர் உஸ்மான் ஹமீத். அதற்குமுன் இவர்கள் இருந்த முகாமுக்குப் பொறுப்பாளராக இருந்தவர், கைதிகளை மனிதர்களாக நடத்தியவர். போன் போட்டுக் கொடுத்தார்கள். பிடிபட்டது யார் என்று அந்தப் பக்கம் புரிந்துகொண்ட உஸ்மான் ஹமீத், இவர்கள் எங்கள் ஆட்கள், பத்திரமாகப் பிடித்து வையுங்கள், கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு போன்தான் மூன்று பேரின் உயிர்.

நினைத்துப் பாருங்கள். எதிரி நாட்டு அதிகாரி. அவரிடமிருந்து ஓடி வந்தவர்கள், மாட்டிக்கொண்டபோது அவரையே கூப்பிடுகிறார்கள். எட்டு மாதச் சிறையில் யார் எப்படிப்பட்டவர் என்று எடைபோட்டு வைத்திருந்ததால் அது முடிந்தது. உஸ்மான் ஹமீத் பெயரையும் சேர்த்துத்தான் நான் எப்போதும் இந்தக் கதையைச் சொல்வேன். அதில் சிலருக்கு முகம் சுளிக்கும், பரவாயில்லை.

எங்கள் ஊரிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் கிளம்பும் முன்னால் என்னைப் பார்க்க வருவார்கள். பட்டாளத்தில் இருந்தவர், நாலு இடம் பார்த்தவர் என்று அவர்கள் வீட்டில் அனுப்பி வைப்பார்கள். அவர்களுக்கு இந்த போன் கதையைத்தான் சொல்வேன். உன்னைத் தெரிந்த, நீ சொன்னால் நம்புகிற, எடுத்துப் பேசக்கூடிய ஒருவருடைய நம்பரை மனப்பாடம் செய். போனில் சேமித்து வைத்தால் போதாது. போன் பறிபோகும், சார்ஜ் போகும். ஒரு பையன் ஐந்து வருஷம் முன்பு இப்படித்தான் மாட்டிக்கொண்டான். அவனை வேலைக்குச் சேர்த்த நிறுவனம் பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டது. ஒருநாள் காய்கறிக் கடைக்காரர் போனை இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கி, மனப்பாடமாக இருந்த என் நம்பருக்குப் பேசினான். எங்கே இருக்கிறான் என்பதை எழுதிக்கொண்டு, தூதரகத்துக்கு எழுதி, ஊர்க்காரர் ஒருவரை நேரில் அனுப்பி, வந்து சேர ஏழு வாரம் ஆனது. இன்றைக்கும் பார்த்தால் அந்த நம்பரை ஒப்பிப்பான்.

பள்ளிக்கூடங்களில் பேசும்போது கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும்: "சார், அப்ப அவங்க தோத்துட்டாங்களா?" இதற்காகவே சிலர் கதையை மாற்றி, எல்லை தாண்டி வந்துவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. அவர்கள் பிடிபட்டார்கள். திருப்பிக் கொண்டுபோய்த் தனி அறையில் பூட்டினார்கள். போர்க்கைதி தப்ப முயல்வதை ஜெனிவா ஒப்பந்தமே குற்றமாகப் பார்ப்பதில்லை. பிடிபட்டால் ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான், அதிகபட்சம் முப்பது நாள். யாரையும் காயப்படுத்தாமல் சுவரை உடைத்தது, வேறு உடை உடுத்தியது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பிறகு லயல்பூர் முகாமுக்கு மாற்றினார்கள், இப்போது ஃபைசலாபாத் என்று பெயர். 1972 டிசம்பர் 1-ஆம் தேதி மற்றவர்களோடு வாகா வழியாக நடந்து வந்தார்கள். பாருல்கர் அதற்குப் பிறகும் பறந்தார், குரூப் கேப்டனாக ஓய்வு பெற்றார்.

கேட்கிற பிள்ளையிடம் நான் பதில் சொல்வதற்குப் பதிலாக ஊசியையும் பட்டனையும் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொல்வேன். தேய்த்துக்கொண்டே, காமத் எதற்காக இதைச் செய்தார் என்று கேட்பேன். பெரும்பாலும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

அந்த முதல் கேள்வி மிச்சம் இருக்கிறது. 1981 கோடையில் ஒரு ஜி-சூட் கழிக்கப்பட்டு, அழிக்க வேண்டிய சாமான்களோடு கிடந்தது. வாரண்ட் ஆபீசர் அனுமதியோடு அதிலிருந்து ஒரு ரப்பர் பையை அறுத்தெடுத்து, குழாயில் பிடித்து நிரப்பி, வாயைப் பாராஷூட் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பட்டறை ஆணியில் தொங்கவிட்டோம். கீழே ஒரு செய்தித்தாள் விரித்தோம். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது தாள் காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவர் கயிற்றை அவிழ்த்து முதலில் ஒரு வாய் குடித்தார், பிறகு என்னிடம் நீட்டினார். ரப்பர் நெடியும் டால்கம் மாவின் வழவழப்பும், வெயில் காலத்து வெதுவெதுப்புமாக இருந்தது தண்ணீர். முகம் சுளிக்காமல் விழுங்கினேன். "ம்," என்று தலையாட்டிவிட்டு, மிச்சத்தை அவர் வாசலில் இருந்த வேப்பங்கன்றுக்கு ஊற்றினார்.